கொக்கிப்புழுவும் ஏஞ்சல் ஐலண்டும்: என் சான்பிரான்சிஸ்கோ டைரி

நாள் 1

அக்கா வீடு ஃப்ரீமான்ட்ல இருக்கு. வந்து ஒரு வாரம் ஆச்சு, தூக்கம் இப்பதான் சரியாகிருக்கு. நாளைல இருந்து எழுதலாம் எழுதலாம்னு தள்ளிப்போட்டு இன்னைக்குத்தான் உக்காந்தேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், இல்லனா நான் ஏன் கோல்டன் கேட் பிரிட்ஜை விட்டுட்டு இதையெல்லாம் தேடிப் போறேன்னு புரியாது. ராமநாதபுரம் பக்கத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல லேப் டெக்னீசியனா இருக்கேன், பதினாலு வருஷமா சளி, ரத்தம், மலம் இதுதான் பொழப்பு. மோஷன் டெஸ்ட்ல ஒரு சொட்டு சலைன், ஒரு சொட்டு அயோடின், மேல கவர் ஸ்லிப், அப்புறம் மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சா மெல்லிசான ஓட்டுக்குள்ள நாலு எட்டு செல்லா பிரிஞ்சு ஒரு முட்டை தெரியும், அது கொக்கிப்புழு. இருக்குன்னு எழுதுவேன், டாக்டர் அல்பெண்டசோல் ஒரு மாத்திரை குடுப்பாரு, அவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. அவ்ளோதான் விஷயம்.

அதே முட்டையைப் பாத்துட்டு, நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாசம் கடல்ல வந்த ஆளை அடுத்த கப்பல்ல ஏத்தி ஊருக்கே திருப்பி அனுப்பிருக்காங்க, அதுவும் இந்த சான்பிரான்சிஸ்கோ விரிகுடா நடுவுல இருக்கற ஏஞ்சல் ஐலண்ட்ங்கற தீவுலன்னு படிச்சதுல இருந்து எனக்கு மனசு கேக்கல. அந்த இடத்தைப் பாத்தே ஆகணும்னு டிக்கெட் போடும்போதே முடிவு பண்ணிட்டேன்.

இன்னைக்கு தீவுக்குப் போகல. பார்ட் ரயில்ல எம்பார்கடெரோ ஸ்டேஷன்ல இறங்கி கடலோரமாவே நடந்து பியர் 40-ங்கற படகுத்துறை வரைக்கும் போனோம், நானும் அக்காவும். ஜூலை மாசம், ஆனா காத்து எலும்புல இறங்குது, அத்தானோட ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுத்தான் நடந்தேன். பியர் 40-ல இப்போ ஒண்ணும் இல்ல, வரிசையா படகு நிக்குது, பக்கத்துல பெரிய பேஸ்பால் ஸ்டேடியம். 1910 வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு ரெண்டு மாடி ஷெட் இருந்துச்சு, பசிபிக் மெயில் கப்பல் கம்பெனியோடது. ஹாங்காங்ல இருந்து வந்த சீனங்களை, நாட்டுக்குள்ள விடறதா இல்லயான்னு முடிவு தெரியற வரைக்கும் அதுக்குள்ளதான் அடைச்சு வச்சாங்க. கம்பெனி எதுக்கு அடைக்கணும்னு அக்கா கேட்டா. 1891-ல ஒரு சட்டம் வந்துச்சு, ஆபத்தான ஒட்டுவார் ஒட்டி நோய் இருக்கறவங்களை உள்ள விடக்கூடாது, அப்படித் திருப்பி அனுப்பறவங்களை கூட்டிட்டு வந்த கம்பெனியே சொந்தச் செலவுல திரும்பக் கொண்டுபோகணும்னு. அதனால ஆள் தப்பிச்சு ஊருக்குள்ள போயிட்டா நஷ்டம் கம்பெனிக்கு. இதுக்கு முன்னாடியே 1882-ல சீனக் கூலித் தொழிலாளிங்க வரவே கூடாதுன்னு தனியா ஒரு சட்டம் இருந்துச்சு, ஆக வியாபாரி, மாணவர், இங்கயே பிறந்தவங்க பிள்ளைன்னு நிரூபிக்கறவங்க மட்டும்தான் உள்ள வரமுடியும், நிரூபிக்கற வரைக்கும் ஷெட்டு. கூட்டம், நாத்தம், தீப்பிடிச்சா ஒருத்தரும் தப்ப முடியாதுன்னு அதிகாரிங்களே எழுதி வச்சிருக்காங்க.

கொஞ்ச நேரம் அந்த படகுகளைப் பாத்துட்டு நின்னோம். ஒரு போர்டாவது இருக்கும்னு நெனச்சேன், என் கண்ணுல படல.

நாள் 2

சைனாடவுன். அத்தானுக்கு ஆபீஸ், அதனால இன்னைக்கும் நானும் அக்காவும்தான். போர்ட்ஸ்மவுத் ஸ்கொயர்ல பெருசுங்க எல்லாம் கூட்டம் கூட்டமா சீட்டு ஆடுறாங்க, நம்ம ஊர் கோயில் மண்டபத்துல தாயம் ஆடுற மாதிரியே இருந்துச்சு, யாரும் யாரையும் நிமிந்து பாக்கல.

இந்த ஏரியாவுலதான் 1900 மார்ச் மாசம் ஒரு ஹோட்டல் பேஸ்மென்ட்ல ஒரு மரக்கடைத் தொழிலாளி செத்துப்போனாரு. டாக்டர் பாத்தப்ப தொடை இடுக்குல கட்டி. சேம்பிள் எடுத்து தீவுக்கு அனுப்புனாங்க. அங்க குவாரன்டைன் ஸ்டேஷன்ல இருந்த ஜோசப் கின்யூன்ங்கற டாக்டர் அதை எலி, கினிப்பன்னி, குரங்குக்கு எல்லாம் ஊசியா போட்டுப் பாத்தாரு, அதுங்க செத்துச்சு, பிளேக்னு உறுதி ஆச்சு. ஆனா ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஊர் அதிகாரிங்க சைனாடவுனைச் சுத்தி கயிறு கட்டிட்டாங்க. வெள்ளக்காரங்க வெளிய போகலாம், சீனங்க போகக்கூடாது. ரெண்டு மூணு நாள்ல அதை அவுத்துட்டாங்க, ஆனா மே மாசக் கடைசில மறுபடி 12 பிளாக்கைச் சுத்தி கட்டுனாங்க.

இந்த இடத்துல நான் கொஞ்சம் நிதானமா எழுதணும், ஏன்னா கின்யூன் சொன்னது சரி. பிளேக் இருந்துச்சு, 1904 வரைக்கும் 119 பேர் செத்தாங்க. கவர்னர் ஹென்றி கேஜ் வியாபாரம் கெட்டுப்போயிரும்னு பிளேக்கே இல்லன்னு சாதிச்சாரு, கின்யூனே பொணத்துல கிருமியை ஏத்திருப்பாருங்கற அளவுக்குப் பேசுனாரு, கடைசில 1901-ல வெளிய இருந்து மூணு பேர் கொண்ட ஒரு கமிஷன் வந்து பாத்துட்டு ஆமா பிளேக்தான்னு சொல்ல வேண்டியதாச்சு. லேப்ல உக்காந்து உண்மையைச் சொன்ன ஆளுக்கு அந்த கதியான்னு எனக்கு அவர் மேல இரக்கம் வந்துச்சு. ஆனா அதே ஆள்தான் சீனங்களும் ஜப்பான்காரங்களும் ஊசி போட்டுக்காம ஊரை விட்டு வெளிய போகக்கூடாதுன்னும் நின்னவரு. அந்த ஊசி நம்ம பம்பாய்ல ஹாஃப்கின் 1897-ல கண்டுபிடிச்ச பிளேக் தடுப்பூசி, போட்டா காய்ச்சலும் வீக்கமும் நல்லா வரும், ஜனங்க பயந்துட்டாங்க.

சீனங்க சும்மா இருக்கல, அதுதான் எனக்குப் பிடிச்சது. சிக்ஸ் கம்பெனிஸ்னு அவங்களுக்கு ஒரு சங்கம், ஊர் ஊரா இருந்த சங்கங்கள் எல்லாம் சேந்த பெரிய சங்கம், ஸ்டாக்டன் ஸ்ட்ரீட்ல அவங்க பில்டிங் இன்னும் நிக்குது, நீலமும் சிவப்பும் மஞ்சளுமா. அவங்க வக்கீல் வச்சு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனாங்க. ஜட்ஜ் வில்லியம் மாரோ மே மாசம் வாங் வைங்கறவர் கேஸ்ல சொன்னாரு, ஒரு இனத்துக்கு மட்டும் ஊசி கட்டாயம்னா அதுக்கு மருத்துவக் காரணம் காட்டுங்க, நீங்க காட்டலன்னு. அடுத்த மாசம் ஜூ ஹோங்கற மளிகைக்கடைக்காரர் கேஸ். கயிறு போன வழியை ஜட்ஜ் பாத்தாரு, ஒரே தெருவுல சீனங்க வீடுன்னா உள்ள வருது, வெள்ளக்காரங்க வீடு வந்ததும் வளைஞ்சு போகுது. அதுவும் இல்லாம நோய் உள்ள வீட்டைத் தனியா வைக்காம 12 பிளாக் ஆளுங்களையும் மொத்தமா ஒண்ணா அடைச்சா நோய் பரவத்தான் செய்யும்னு சொல்லி குவாரன்டைனை ரத்து பண்ணாரு.

ஸ்டாக்டன் ஸ்ட்ரீட்ல காய்கறிக் கடை வாசல்ல நின்னுட்டு இதை அக்காகிட்ட சொல்லிட்டு இருந்தேன், எலி எங்க தெரு பாத்தா போச்சுன்னு கேட்டா. சுத்தி எல்லாரும் முருங்கைக்காய் மாதிரி நீளமா ஒரு பீன்ஸ் வாங்கிட்டு இருந்தாங்க, நாங்களும் ஒரு கட்டு வாங்குனோம்.

நாள் 3

இன்னைக்குத்தான் தீவு. அத்தானும் லீவு போட்டுட்டாரு. ஃபெர்ரி பில்டிங்ல இருந்து படகு, அரை மணி நேரம்தான், ஆல்கட்ராஸை தாண்டிப் போகுது, எல்லாரும் அந்த ஜெயிலை போட்டோ எடுத்தாங்க. ஏஞ்சல் ஐலண்ட் கிட்ட வர வர அத்தான் சொன்னாரு, இது கொடைக்கானல் மாதிரில்ல இருக்குன்னு. உண்மைதான், அவ்ளோ பச்சை, அவ்ளோ அமைதி.

படகு நிக்கற இடம் அயாலா கோவ். முன்னாடி இதுக்கு பேரு ஹாஸ்பிடல் கோவ், 1891-ல இருந்து குவாரன்டைன் ஸ்டேஷன் இங்கதான், கின்யூன் பிளேக் டெஸ்ட் பண்ணது இங்கதான். இப்போ புல்வெளில குடும்பம் குடும்பமா சாப்பிட்டுட்டு இருக்காங்க, விசிட்டர் சென்டரா இருக்கற வீடு அப்போ அங்க வேலை பாத்த ஆபீசருங்க தங்குன வீடு. கப்பல்ல பெரியம்மை, பிளேக், காலரான்னு சந்தேகம் வந்தா இங்க இறக்கி, ஆளுங்க குளிக்கணும், துணிமணி சாமான் எல்லாத்தையும் நீராவி அடிச்சு சுத்தம் பண்ணுவாங்க. இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல, பெரியம்மை வேற விஷயம், நாள் எண்ணி வச்சு அனுப்பிருவாங்க.

வெளிநாட்டுல இருந்து வர்றவங்களை நிறுத்தி விசாரிச்ச இமிக்ரேஷன் ஸ்டேஷன் தீவோட இன்னொரு பக்கம், சைனா கோவ்னு சொல்றாங்க. மொதல்ல மரப்படி ஏறணும், நூத்துக்கும் மேல, அக்கா பாதில உக்காந்துட்டா. அப்புறம் ரோடு, யூகலிப்டஸ் வாசனை, ஒரு முக்கா மணி நேரம் நடை. வளைவுல திரும்புனதும் கீழ பேரக்ஸ், அதாவது ஆளுங்களை அடைச்சு வச்ச கட்டிடம், தெரிஞ்சுச்சு, கடலைப் பாத்தபடி, வரிசையா பனை மாதிரி மரம்.

1910 ஜனவரி 21-ல தொறந்தது, 1940 ஆகஸ்ட்ல ஆபீஸ் கட்டிடம் எரிஞ்சுபோய் நவம்பர்ல மூடுற வரைக்கும் ஓடுச்சு. எல்லா நாட்டு ஆளுங்களும் வந்துருக்காங்க, ஆனா முதல் வகுப்பு டிக்கெட்காரங்களை கப்பல்லயே பாத்து இறக்கி விட்டுருவாங்க, அடித்தட்டுல வந்தவங்கதான் தீவு, அதுலயும் ஆசியாக்காரங்கதான் வாரக்கணக்கா மாசக்கணக்கா கிடந்தது. நியூயார்க்ல எல்லிஸ் ஐலண்ட்ல டாக்டர் வரிசைல நிக்க வச்சு சில வினாடி பாப்பாரு, கண்ணிமையை திருப்பி ட்ரக்கோமாங்கற கண் நோய் இருக்கான்னு பாப்பாரு, சந்தேகம்னா சட்டைல சாக்பீஸ்ல ஒரு எழுத்து. அங்க மொத்தமா திருப்பி அனுப்புனது நூத்துக்கு ரெண்டு பேர் மாதிரி. இங்க அப்படி இல்ல, இங்க லேப். ஆசியாக்காரங்க உடம்புக்குள்ளதான் நோய் ஒளிஞ்சிருக்குன்னு முடிவு பண்ணி, வந்து இறங்குன மறுநாளே மலம் எடுக்கச் சொல்லி பாத்திரம் குடுப்பாங்க. நிர்வாணமா நிக்க வச்சு பாப்பாங்க. சீனப் பொண்ணுங்க, ஊர்ல டாக்டர் முன்னாடி துணி விலக்குறதே வழக்கம் இல்லாதவங்க, அவங்களுக்கு அது எப்படி இருந்துருக்கும்.

ஹாஸ்பிடல் கட்டிடத்தை சரிபண்ணி 2022-ல மியூசியமா தொறந்துருக்காங்க. அங்க வெள்ளக்காரங்களுக்கு தனி வாசல், தனி படி, தனி வார்டு, ஆசியாக்காரங்களுக்கு தனி. நான் ரொம்ப நேரம் அங்க நின்னுட்டேன். அத்தான் ரெண்டு தடவ வந்து கூப்பிட்டாரு.

விஷயம் இதுதான். 1910-ல கொக்கிப்புழுவை ஆபத்தான ஒட்டுவார் ஒட்டி நோய் பட்டியல்ல சேத்தாங்க, அதாவது கிளாஸ் ஏ, இருந்தா கதவு மூடிரும். ஆனா கொக்கிப்புழு ஆள்கிட்ட இருந்து ஆளுக்கு ஒட்டாதுங்க. கைகுலுக்கினா வராது, பக்கத்துல படுத்தா வராது. முட்டை ஈரமான சூடான மண்ணுல விழுந்து பொரிஞ்சு, குட்டிப்புழு வெறுங்கால் தோலை துளைச்சு உள்ள போகணும். கக்கூஸும் செருப்பும் இருந்தா முடிஞ்சுபோச்சு. ரத்தசோகை வரும், சோர்வு வரும், மாத்திரை போட்டா சரியாயிரும். இது அப்பவே தெரியும்.

எப்படித் தெரியும்னா அவங்க வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல ஏழை வெள்ளக்கார விவசாயிங்க, பிள்ளைங்க, லட்சக்கணக்குல இதே புழு. சார்லஸ் ஸ்டைல்ஸ்னு ஒரு விஞ்ஞானி 1902-ல அதுக்கு பேரே வச்சாரு. 1909-ல ராக்ஃபெல்லர்ங்கற பெரும் பணக்காரர் 10 லட்சம் டாலர் குடுத்து கமிஷன் போட்டு, கவுன்டி கவுன்டியா, அதாவது மாவட்டம் மாவட்டமா, டிஸ்பென்சரி தொறந்து, திருவிழா மாதிரி கூட்டம் கூட்டி, மைக்ராஸ்கோப்ல ஜனங்களுக்கு முட்டையைக் காட்டி, இலவசமா மருந்து குடுத்தாங்க. அவ்ளோ அருமையான வேலை அது, நாங்க இன்னைக்கு ஸ்கூல் ஸ்கூலா பிப்ரவரி 10-ஆம் தேதி குடற்புழு மாத்திரை குடுக்கறோமே அதுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. அதே வருஷங்கள்ல, அதே நாட்டுல, அதே முட்டையை ஸ்லைடுல பாத்து இந்த பில்டிங்ல இருந்தவங்க ஒருத்தரை நாடுகடத்தணும்னு சர்டிபிகேட் எழுதிருக்காங்க. ஜார்ஜியால ஒரு பையன் வயித்துல இருந்தா அது இரக்கத்துக்குரிய நோய், பஞ்சாப்காரர் வயித்துல இருந்தா ஆபத்து.

என் கை அந்த மேஜைல இருந்துருந்தா நானும் பாசிடிவ்னுதான் எழுதிருப்பேன். முட்டை இருக்கே, இல்லன்னு எப்படி எழுத முடியும். அதை நெனச்சப்பதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு.

அப்போ தெற்குல குடுத்த மருந்து தைமால், அது கூட எப்சம் சால்ட்ங்கற பேதி உப்பு. தைமால்னா நம்ம ஓமத்துல இருக்கற சத்து. 1914 யுத்தத்துக்கு முன்னாடி இந்தியாவுல இருந்து ஓமம் ஜெர்மனிக்கு ஏத்துமதி ஆகும், அங்க அதுல இருந்து தைமால் எடுப்பாங்க. ஓமம் கடல் தாண்டிப் போகலாம், அதை விளைவிச்ச நாட்டுக்காரன் இங்க கால் வைக்கமுடியல.

இந்தியாக்காரங்க கதை இன்னும் மோசம். சுமார் 8000 பேர் இந்தத் தீவு வழியா வந்துருக்காங்க, பெரும்பாலும் பஞ்சாப் சீக்கியர்கள், எல்லாரையும் பேப்பர்ல இந்துக்கள்னுதான் எழுதுவாங்க. ஆசியர் எதிர்ப்பு லீக்னு சான்பிரான்சிஸ்கோல ஒரு கூட்டம், ஏன் இவங்களை உள்ள விடறீங்கன்னு போராட்டம் பண்ணி, இமிக்ரேஷன் கமிஷனரா இருந்த ஹார்ட் நார்த்துக்கு வேலையே போச்சு. அந்த நெருக்கடி வந்த அதே சமயத்துலதான் கொக்கிப்புழு டெஸ்டும் கைக்கு வசதியா கிடைச்சுச்சு. 1911-ல இருந்து 1915 வரைக்கும் வந்த தெற்காசியர்கள்ல நூத்துக்கு 55 பேரை திருப்பி அனுப்பிட்டாங்க, அரசாங்கத்துக்கு பாரமா ஆயிருவான்னு ஒரு காரணம், புழுன்னு ஒரு காரணம். சிலர் மணிலா போய் அங்க டெஸ்ட் எல்லாம் முடிச்சு, பிலிப்பைன்ஸ் அமெரிக்கா மண்ணுதானே, அங்க இருந்துதானே வர்றோம்னு வந்தாங்க. 1913-ல அந்த வழியையும் அடைச்சாங்க, கோர்ட்டும் அரசாங்கம் பக்கம்தான் நின்னுச்சு. 1917 சட்டத்துல இந்தியாவே தடை வட்டாரத்துக்குள்ள, அதாவது ஆளுங்க குடியேற வரக்கூடாதுன்னு குறிச்ச பகுதிக்குள்ள, போயிருச்சு, அதுக்கப்புறம் புழு தேட வேண்டிய அவசியமே இல்ல.

சீன வியாபாரிங்களும் சிக்ஸ் கம்பெனிஸும் இதையும் விடல. வாஷிங்டனுக்கு மனு மேல மனு, குணமாகற நோய்க்கு எதுக்கு நாடுகடத்தல், மருந்து குடுத்து உள்ள விடுங்கன்னு. மெல்ல மெல்ல கொக்கிப்புழுவுக்கு இங்கயே ஹாஸ்பிடல்ல சிகிச்சைன்னு ஆச்சு, மனு போடணும், செலவு அவங்க தலைல. அது தளர்ந்ததும் 1917-ல இன்னொன்னு, கல்லீரல் புழு. அது மீன் வழியா வர்றது, அதுக்கு அப்போ மருந்தும் கிடையாது, அதனால வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஆனா அந்தப் புழு வளரணும்னா குறிப்பிட்ட ஒரு வகை நத்தை வேணும், அந்த நத்தை அமெரிக்காவுல இல்ல, எப்படி பரவும்னு கேட்டு கேட்டு 1927-லதான் பட்டியல்ல இருந்து எடுத்தாங்க. பத்து வருஷம். நத்தை இல்லன்னு ஒத்துக்க பத்து வருஷம்.

பேரக்ஸுக்குள்ள மூணடுக்கு கட்டில், செவுத்துல எல்லாம் சீன எழுத்துல கவிதை, கத்தியால செதுக்குனது. மேல மேல பெயின்ட் அடிச்சும் போகல. 1970-ல இடிக்கப்போற சமயத்துல ஒரு ரேஞ்சர் டார்ச் அடிச்சுப் பாத்து கண்டுபிடிச்சாரு, 200-க்கும் மேல இருக்கு. எனக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனா அதுல ஒரு கவிதை டாக்டருங்க பண்ண கொடுமையைப் பத்தி, ரத்தம் எடுக்க குத்துனதையும் கொக்கிப்புழு பாத்ததையும் பத்தின்னு படிச்சிருந்தேன். செவுத்துல எது அதுன்னு தேடிட்டே இருந்தேன். விரல் வைக்கக்கூடாது, அதனால கண்ணாலயே தடவிட்டு வந்தேன்.

கடைசி படகை பிடிக்க ஓட வேண்டியதா போச்சு.

நாள் 4

இன்னைக்கு எங்கயும் போகல. காலைல அக்கா ஒரு விஷயம் சொன்னா, நேத்து ராத்திரி முழுக்க தூக்கம் வரலயாம். அவ கிரீன் கார்டுக்கு மெடிக்கல் போனப்ப டிபி டெஸ்ட், தடுப்பூசி எல்லாம் பாத்து ஃபார்ம்ல கிளாஸ் ஏ, கிளாஸ் பின்னு கட்டம் இருந்துச்சாம், அப்போ அது என்னன்னு யோசிக்கலயாம். அதே வார்த்தைதான், நூறு வருஷத்துக்கும் மேல மாறவே இல்ல. கொக்கிப்புழு மட்டும் இப்போ அதுல இல்ல.

அப்புறம் ரெண்டு பேரும் பூட்டனைப் பத்தி பேசிட்டு இருந்தோம், அப்பத்தாவோட அப்பா. கண்டியில தேயிலைத் தோட்டத்துக்குப் போனவரு, மண்டபம் கேம்ப் வழியா. இலங்கைக்குப் போற தோட்டத் தொழிலாளிங்களை கடல் தாண்டுறதுக்கு முன்னாடி அங்கதான் நாள் கணக்கா வச்சு, பாத்து, அம்மை குத்தி அனுப்புவாங்க. அதே ராக்ஃபெல்லர் ஆளுங்க 1916-ல இலங்கைல கொக்கிப்புழு ஒழிப்பு ஆரம்பிச்சதும் மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துல, நம்ம தமிழ் தொழிலாளிங்ககிட்ட. தோட்டத்துக்கு ஆள் வேணும், அதனால அங்க புழு இருந்தா மருந்து குடுத்தாங்க, திருப்பி அனுப்பல. ஆள் வேணும்னா மருந்து, வேண்டாம்னா கப்பல். இதை நான் சொன்னதும் அத்தான் ஒண்ணும் பேசல, டீ கிளாஸை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மண்டபம் எனக்கு பஸ்ல ஒரு மணி நேரம். பதினாலு வருஷத்துல எத்தனை தடவ ராமேஸ்வரம் போயிருக்கேன், ஒரு தடவ கூட கேம்ப் பக்கம் திரும்பிப் பாத்ததில்ல, அகதிங்க கேம்ப்னு மட்டும்தான் தெரியும். அடுத்த வாரம் ஊருக்கு வந்துருவேன். திங்கக்கிழமை ட்யூட்டி, ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ல மண்டபம் போறேன். அப்பத்தா யாருகிட்டயோ பூட்டனோட தோட்டப் பேரைச் சொல்லி வச்சிருந்தாங்கன்னு அம்மா போன்ல சொல்றாங்க, அதைக் கேட்டு எழுதி வைக்கச் சொல்லிருக்கேன்.